ரோபோவும் ஒளியியலும் கலந்த புற்றுநோய் ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா?

வேளச்சேரி மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பயோமெடிக்கல் பொறியியலில் இளநிலையும் ரோபோட்டிக்ஸில் முதுநிலையும் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கிண்டியில் எண்டோஸ்கோப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்து வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக இரண்டு நேர்காணல்களுக்குச் சென்றேன். இரண்டிலும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது முழுக்க ரோபோட்டிக்ஸ். உடலுக்குள் வளைந்து நெளிந்து செல்லும் மெல்லிய ரோபோக் கையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கணிதமே ஆய்வுப் பொருள். எனக்குப் பழகிய பாதை. இரண்டாவதில் இரண்டு நெறியாளர்கள்: ஒருவர் ரோபோட்டிக்ஸ், மற்றவர் ஒளியியல். மார்பகக் கட்டியை அகற்றிய பிறகு அந்தக் குழியின் சுவரில் புற்றணுக்கள் எஞ்சியிருக்கின்றனவா என்பதை, ரோபோக் கை பிடித்திருக்கும் நுண்ணோக்கி முனையைக் கொண்டு அறுவை அரங்கிலேயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது திட்டம்.

இரண்டாவது என்னை இழுப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் பெரியம்மாவுக்கு மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றினார்கள். வீட்டுக்கு வந்து தையல் ஆறிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த பயாப்ஸி அறிக்கையில் ‘மார்ஜின் பாசிட்டிவ்’, அதாவது வெட்டிய விளிம்பில் புற்றணு இருக்கிறது என்று இருந்தது. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் கத்தி. அது யாருடைய தவறும் இல்லை என்பதும், வசதி மிகுந்த மேலை நாடுகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படி இரண்டாம் அறுவை தேவைப்பட்டிருக்கிறது என்பதும் பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் அச்சம், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்பதுதான். ரோபோட்டிக்ஸ்காரர்கள் இதில் புதிய கணிதம் எங்கே என்பார்கள். ஒளியியல்காரர்கள் நுண்ணோக்கி விலைக்கு வாங்கியதுதானே என்பார்கள். நேர்காணலிலேயே ஒரு பேராசிரியர், “கையால் பிடிக்கக்கூடிய ஒன்றைப் பிடிக்க ரோபோ எதற்கு?” என்று கேட்டார். எனக்கு உருப்படியான பதில் வரவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஒளியிழை எழுதியது:

தம்பி, இதே கலவையில் ஆய்வேடு சமர்ப்பித்து, இப்போது சென்னையில் மருத்துவக் கருவி உருவாக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். அந்தப் பேராசிரியர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கான பதிலை எண்களில் சொன்னால்தான் அது பதிலாகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் முனை பெரும்பாலும் கன்ஃபோக்கல் எண்டோமைக்ரோஸ்கோப்பாக, அதாவது உடலுக்குள் வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கியாக இருக்கும். ஏறத்தாழ 30,000 ஒளியிழைகளை ஒரு கற்றையாகக் கட்டி, நுனியில் சிறு லென்ஸ் வைத்திருப்பார்கள். மொத்தத் தடிமன் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. உயிரணுக்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நுட்பமானது. ஆனால் ஒரு நேரத்தில் அது காணும் வட்டம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. திசுவுக்கு நிறமேற்ற, ஆய்வகங்களில் அக்ரிஃபிளேவின் என்ற சாயத்தைப் பயன்படுத்துவோம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டியில் ஊற்றுகிறார்களே, அந்த மஞ்சள் மருந்துதான். அது உயிரணுவின் கருவில் போய் ஒட்டிக்கொள்வதால் கருக்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். டிஎன்ஏவில் ஒட்டும் பொருள் என்பதாலேயே, உயிருள்ளவர் உடலில் அதைத் தடவுவது பற்றிக் கவலைகள் உண்டு. வெட்டி எடுத்த திசுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த முனையைக் கையால் பிடித்துப் பாருங்கள். நலமான மனிதரின் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை மெல்லிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அதன் வீச்சு நூறு மைக்ரோமீட்டர் அளவுக்குப் போகும். பார்க்கும் வட்டமே 240 மைக்ரோமீட்டர் என்னும்போது, ஒவ்வொரு நடுக்கத்திலும் காட்சியில் பாதி ஓடிவிடும். சற்று விலகினால் குவியம் போய்விடும்; சற்று அழுத்தினால் திசு முனையோடு சேர்ந்து இழுபட்டு வந்து, நகர்ந்ததுபோலத் தெரியுமே தவிர உண்மையில் அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இந்த இரண்டாவது பிழைதான் மோசமானது, ஏனென்றால் திரையில் படம் தெளிவாக இருக்கும். அழுத்தத்தை அளந்து, அதை மாறாமல் வைத்துக்கொண்டே நகரும் வேலையை ரோபோ கையைவிட நன்றாகச் செய்கிறது. ‘ரோபோ எதற்கு’ என்பதற்கு இது முதல் பதில்.

ஆனால் ஆய்வேடு இந்தப் பதிலில் இல்லை. கணக்கைத் தொடருங்கள். வரிக்கு வரி 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில், வயலில் ஏர் ஓட்டுவதுபோல முன்னும் பின்னும் ஓட்டினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 வரிகள், 500 நொடிகள், அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள குழியை ஓர் உருண்டையாகக் கொண்டால் அதன் உட்பரப்பு ஏறத்தாழ 28 சதுர சென்டிமீட்டர். முழுவதையும் பார்த்து முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். இன்று அரங்கில் செய்யப்படும் ஃப்ரோசன் செக்ஷன் முறையில், திசுவை உறைய வைத்துச் சீவி நோயியல் நிபுணர் பார்த்துச் சொல்ல 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. அதைவிட நேரம் பிடிக்கும் எதையும் எந்த அறுவை நிபுணரும் ஏற்க மாட்டார்.

ஆகவே எல்லா இடத்தையும் பார்க்க முடியாது. எங்கே பார்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அகலப் பார்வை கொண்ட ஒரு கேமரா முதலில் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்ட வேண்டும். ரோபோ அங்கே சென்று உயிரணு அளவில் பார்க்க வேண்டும். அங்கே கண்டதை வைத்து அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையிலிருக்கும் இருபது நிமிடத்தில் எந்த இடங்களை, எந்த வரிசையில் பார்த்தால் எஞ்சிய புற்றைத் தவறவிடும் வாய்ப்பு மிகக் குறையும் என்ற கேள்விக்கு, ஒளி திசுவில் எப்படிப் பரவுகிறது என்று தெரியாத ரோபோட்டிக்ஸ்காரராலும் பதில் சொல்ல முடியாது, இயக்கத் திட்டமிடல் தெரியாத ஒளியியல்காரராலும் முடியாது. படம் இயக்கத்தைத் தீர்மானிக்கிறது, இயக்கம் அடுத்த படத்தைத் தீர்மானிக்கிறது; இந்தச் சுழற்சிதான் உங்கள் ஆய்வேடு. உங்கள் திட்ட வரைவில் இது இல்லாமல் ‘நுண்ணோக்கி முனையை ரோபோவில் பொருத்துதல்’ என்று மட்டும் இருந்தால், சேருவதற்கு முன் நெறியாளர்களிடம் பேசிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேமராவின் ஆயங்களையும் (இடத்தைக் குறிக்கும் எண்களையும்) ரோபோவின் ஆயங்களையும் பொருத்துவதற்கு ‘ஹேண்ட்-ஐ காலிபரேஷன்’ செய்வீர்கள். 1989இல் சாய் (Tsai), லென்ஸ் (Lenz) என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய முறையை இன்றும் பாடமாகப் படிக்கிறோம். என் இரண்டாம் ஆண்டில், காலையில் சரியாக இருந்த பொருத்தம் மாலையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தவறிப்போனது. மூன்று வாரம் ரோபோவின் மூட்டுகளையும் நிரலையும் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், அகர்-அகரில் கொழுப்புக் குழம்பும் இந்தியா மையும் கலந்து நான் வார்த்து வைத்திருந்த போலித் திசு, ஏசி அறையில் நாள் முழுக்க உலர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணி போர்த்தியதும் ‘ரோபோவின் பிழை’ சரியாகிவிட்டது. இரண்டு துறைகள் சேரும் இடத்தில் பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே உங்கள் நேரத்தில் கணிசமான பங்கு போகும்.

கத்தியும் நூலும் எழுதியது:

நான் புற்றுநோய் அறுவை நிபுணன். மேலே நண்பர் எழுதிய கணக்கை ரசித்துப் படித்தேன்; ஆனால் அவர் தொடாத ஓர் இடம் இருக்கிறது.

என் மேஜைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புகையிலையும் பாக்கும் மென்று கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ புற்று வந்தவர்கள். வாய்ப்புற்றில், வெட்டிய விளிம்புக்கும் கட்டிக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல திசு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வெட்டுப் பரப்பில் புற்றணு இல்லை என்று உங்கள் நுண்ணோக்கி சொன்னால் எனக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கிறது. பரப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே கட்டி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அந்த நுண்ணோக்கி பார்க்கும் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோது, 5 மில்லிமீட்டர் கேட்கும் என்னிடம் அதைக் கொண்டுவந்து பயனில்லை.

மார்பகத்தில் நிலைமை வேறு. ஊடுருவும் வகை மார்பகப் புற்றுக்கு, அகற்றிய திசுவின் மை பூசிய வெளி விளிம்பைக் கட்டி தொடாமல் இருந்தாலே போதும் என்று அமெரிக்காவின் அறுவை, கதிரியக்கப் புற்றியல் சங்கங்கள் 2014இல் ஒத்த கருத்துக்கு வந்தன. பரப்பை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது பொருந்துகிறது. பால்நாளங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் வகைக்கோ, 2016 வழிகாட்டுதல் 2 மில்லிமீட்டர் கேட்கிறது. அங்கே மறுபடி இடிக்கிறது. எந்த உறுப்பு, எந்த வகைப் புற்று என்பதை முடிவு செய்த பிறகுதான் எந்த ஒளி என்பது வரவேண்டும். பொறியாளர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் மனக்குறை.

இன்னொன்று. நம் ஊரில் நோயாளிகள் முற்றிய நிலையில் வருவது அதிகம் என்பதால், மார்பகத்தை முழுவதுமாக எடுப்பது இன்னும் பரவலாக நடக்கிறது. கட்டியை மட்டும் அகற்றும் அறுவைகள் எத்தனை நடக்கின்றன, அவற்றில் எத்தனை பேர் ஆய்வுக்குச் சம்மதிப்பார்கள் என்று உங்களுடன் சேரும் மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, முடிந்தால் ஒரு வாரம் அரங்கில் ஓரமாக நின்று பாருங்கள். குழியில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தக் கசிவைச் சூட்டால் நிறுத்தும் காட்டரி பட்ட இடம் கருகியிருக்கும். மூச்சோடு மார்பு ஏறி இறங்கும். உங்கள் கேமராவுக்காக மேல்விளக்கை அணைக்கச் சொல்வீர்கள், மயக்கவியல் மருத்துவர் முறைப்பார். அகர்-அகரில் இவை எதுவும் கிடையாது.

சிதறல் எழுதியது:

ஒளியியல் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன். ‘அகலப் பார்வைக் கேமரா சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும்’ என்று முதல் பதிலில் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். கடினமே அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் ஒளிர்சாயம் இண்டோசயனின் கிரீன். அமெரிக்காவில் 1959 முதல் புழக்கத்தில் இருப்பது. ரத்தத்தில் கலந்த பிறகு 800 நானோமீட்டர் அலைநீள அளவில் ஒளியை வாங்கி, 830 அளவில் திருப்பி உமிழ்கிறது. 650க்குக் கீழே ஹீமோகுளோபினும், 950க்கு மேலே நீரும் ஒளியை விழுங்கிவிடுவதால், இடையிலுள்ள இந்தச் சாளரத்தில்தான் ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் போய் வர முடிகிறது. டா வின்சி என்ற அறுவை ரோபோவில் 2011 முதல் இதற்கான கேமரா இருக்கிறது; ரத்த ஓட்டத்தையும் புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவையும் காட்ட மிக நன்று. ஆனால் அது புற்றைத் தேடிப் போகும் சாயம் அன்று. அது ரத்தத்தோடு ஓடுகிறது, கசியும் இடத்தில் தேங்குகிறது, அழற்சி இருந்தாலும் ஒளிர்கிறது. அதை வழிகாட்டியாக வைத்தால் உங்கள் ரோபோ பாதி நேரம் புண்களைச் சுற்றிப்பார்த்துக்கொண்டிருக்கும்.

புற்றைத் தேடிப் போகும் சாயங்களும் வந்துவிட்டன. சூலகப் புற்றுக்கு பாஃபோலாசியானின் 2021இல் அமெரிக்க அனுமதி பெற்றது. உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது பெகுலிசியானின். 2024இல் அனுமதி பெற்றது. மார்பகக் கட்டியை அகற்றிய பிறகு, கையில் பிடிக்கும் ஒரு கருவியைக் குழிக்குள் வைத்து, எஞ்சிய புற்று ஒளிர்கிறதா என்று பார்ப்பதற்கே அது உருவானது. அதாவது உங்கள் திட்டத்தின் நோக்கத்தை, ரோபோ இல்லாமல், வேறு வழியில் ஏற்கெனவே அரங்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதை வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்பார்கள். அதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது. அந்தச் சாயத்துக்குக் கடுமையான ஒவ்வாமை குறித்த எச்சரிக்கை இருக்கிறது. ஒளிர்வது உண்மையில் புற்றுதானா என்று உயிரணு அளவில் உறுதிசெய்யும் வசதியும் அந்தக் கருவியில் இல்லை. உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் வெற்றிடம் என்று நினைத்து நுழையாதீர்கள்.

சாயமே வேண்டாம் என்றால் ராமன் சிதறல் இருக்கிறது: திசுவின் மூலக்கூறுகளில் பட்ட ஒளி நிறம் மாறிச் சிதறுவது. மெரினா எதிரிலுள்ள மாநிலக் கல்லூரியில் படித்தவர் 1928இல் கண்டது என்பதால் நமக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் அப்படிச் சிதறும் என்பதால், ஒரு புள்ளிக்கு நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைக் கொண்டு பரப்பு முழுவதையும் வருட முடியாது. சரியான புள்ளிக்குக் கொண்டுபோய், அசையாமல் பிடித்து, தொட்டு எடுக்க வேண்டும். ரோபோவுக்கு ஏற்ற வேலை என்று எனக்குத் தோன்றுவது இதுதான், எண்டோமைக்ரோஸ்கோப் அன்று.

வேளச்சேரி மாணவன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பெகுலிசியானின் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. திட்ட வரைவிலும் அது குறிப்பிடப்படவில்லை. ஒளியிழை அண்ணாவிடம் ஒரு கேள்வி: ரோபோ எடுக்கும் ஆயிரக்கணக்கான நுண்படங்களில் எது புற்று, எது இல்லை என்று யார் சொல்வது? கணினிக்குக் கற்பிக்கலாம் என்று வரைவில் இருக்கிறது. ஆனால் கற்பிப்பதற்கான விடைத்தாள் எங்கிருந்து வரும்?

ஒளியிழை எழுதியது:

தம்பி, இதை நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். மருத்துவர் ஐயா சொன்ன ஆழக் கணக்கும் நியாயமானது. என் ஆய்வு மார்பகத் திசுவோடு நின்றதால் எனக்கு அது உறைக்கவில்லை.

விடைத்தாளைத் தர வேண்டியவர் நோயியல் நிபுணர். ஆனால் அவருடைய கண் பழகியது, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிறமேற்றிய குறுக்குவெட்டுக்கு. நாம் காட்டுவதோ பரப்பை மேலிருந்து பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டையும் ஒரே இடத்துக்குப் பொருத்துவது தனிப் பாடு: நுண்ணோக்கி பார்த்த இடத்தில் மை வைத்து அடையாளமிட்டு, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் சுருங்கிய திசுவில் அந்த மையைத் தேடி, அங்கேயே சீவச் சொல்ல வேண்டும். எங்களோடு இருந்த நோயியல் நிபுணர் முதல் மாதம் என் படங்களைப் பார்த்து, “இது நிலாவின் மேற்பரப்பா?” என்றுதான் கேட்டார். ஆறு மாதம் வாரம் ஒரு பிற்பகல் உடன் உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் பொதுவான ஒரு மொழி உண்டாயிற்று. அந்த ஆறு மாதத்தைத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படிவம் நிரப்புபவர் எழுதியது:

நிர்வாகப் பக்கம் மட்டும் சுருக்கமாக. நோயாளியின் திசுவைத் தொடுவதாக இருந்தால், வெட்டி எடுத்த திசுவாகவே இருந்தாலும், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்களை ஒட்டி விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும். நோயாளிக்கான சம்மதப் படிவம் அவர் படிக்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்கள்தான் திருத்தத்துக்காகத் திரும்பத் திரும்ப அலைகிறார்கள். சேர்ந்த முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

மருத்துவமனையும் பொறியியலும் ஒரே குடையின் கீழ் வேண்டும் என்றால், சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மூன்றும் இணைந்து நடத்தும் மருத்துவக் கருவிகள் முனைவர் பட்டத்தையும் பாருங்கள். ஐரோப்பாவின் மரீ கியூரி ஆய்வு வலைப்பின்னல்களிலும் இத்தகைய தலைப்புகள் அவ்வப்போது வருகின்றன. ஊதியம் நன்று, ஆனால் அந்த நிதி குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

வேளச்சேரி மாணவன் எழுதியது:

நேற்று நெறியாளர்கள் இருவரையும் சேர்த்துச் சந்தித்தேன். எங்கே பார்ப்பது என்ற கேள்வியை ஆய்வின் மையமாக வைக்க இருவரும் உடன்பட்டார்கள். ரோபோட்டிக்ஸ் நெறியாளர் உடனே கரும்பலகைக்குப் போய்விட்டார். ஊடுருவும் வகை மார்பகப் புற்றோடு நிறுத்திக்கொள்வதற்கும், முதல் இரண்டு ஆண்டுகள் வெட்டி எடுத்த திசுவில் மட்டும் வேலை செய்வதற்கும் சம்மதித்தார்கள். கையில் பிடிக்கும் கருவியைப் பற்றிச் சொன்னபோது, ஒளியியல் நெறியாளர் தமக்கு அது தெரியும் என்றும், வரைவு எழுதப்பட்டது அதற்கு முன்பு என்றும் சொன்னார்.

பிறகு, இந்தத் திட்டத்தின் நோயியல் நிபுணர் யார் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், மற்றவர் ஏற்பாடு செய்திருப்பார் என்று நினைத்திருக்கிறார். ஆய்வுக்குழுவில் ஒரு நோயியல் நிபுணரின் பெயர் சேர்ந்த பிறகு கையெழுத்திடுகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். இம்மாதம் 28ஆம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.